மழைக்கு ஒதுங்கும் துறை

மழைக்கேனும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று ஒருவனைப் பழிப்பது நம்மவர் வழக்கு. ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு இவ்வசை கேட்க இனியதே. ஆயினும் அதனுள் வேறொரு செய்தியும் அடங்கியுள்ளது. மழை வந்துவிட்டால் எவரும் எவ்விடத்தும் ஒதுங்கலாம். ஊர் யாது, பேர் யாது என்று வினவி வெளியே தள்ளுவார் இல்லை என்பதே அது. நிலத்தில் வாழும் நமக்குத் திண்ணை உண்டு, தாழ்வாரம் உண்டு. நடுச் சமுத்திரத்தில் ஒரு சிறு பாய்க்கலத்தில் வருபவன் எங்கே ஒதுங்குவான்?

அட்லாந்திக் சமுத்திரத்தின் நடுவே, போர்த்துக்கல் நாட்டுக்குரிய அசோர்ஸ் தீவுகள் ஒன்பது உள. அவற்றுள் ஒன்று பாயல். லிஸ்பன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பாயல் என்பது பழந்தமிழிலே படுக்கையைக் குறிக்கும் சொல். அவர்கள் மொழியிலோ அத்தீவில் மலிந்திருந்த ஒருவகை மரத்தை ஒட்டி எழுந்த பெயர். களைத்து வரும் மாலுமிக்கு நம்முடைய பொருளே பொருத்தமாகத் தோன்றும். தீவின் பட்டினம் ஓர்த்தா. அங்குள்ள படகுத்துறை 1986ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இவ்வகைத் துறையை மரீனா என்பர். அச்சொல்லைக் கேட்டதும் சென்னைக் கடற்கரையை நினைத்தல் வேண்டா. இது சிறு கலங்கள் வரிசையாகக் கட்டி நிற்றற்கென அமைந்த இடம்.

பாய்க்கலங்கள் இங்கு வருவதற்குக் காற்றே காரணம். மாரிகாலத்தைக் கரிபியன் தீவுகளிற் கழித்தவர்கள், ஜூன் மாதத்திற் சூறாவளிப் பருவம் தொடங்குமுன் ஐரோப்பாவுக்குத் திரும்ப முற்படுவர். தெற்கே வீசும் வியாபாரக் காற்றுக் கிழக்கிலிருந்து வருவதால், அதை எதிர்த்து நேரே செல்லுதல் அரிது. ஆகவே வடக்கே ஏறி, மேலைக் காற்றைப் பிடித்து, அதன் துணையோடு கிழக்கே வருவர். பேர்மியூடாவிலிருந்து ஓர்த்தாவுக்கு ஏறத்தாழ 1,800 கடல் மைல். சிறு கலத்துக்கு இரண்டு மூன்று வாரப் பயணம். (நம் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடையுமுன் கடந்ததும் இதே அட்லாந்திக் சமுத்திரமே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.)

புவியியல் பயில்வோர் அசோர்ஸ் உயரமுக்கம் என்ற தொடரை அறிவர். கோடையில் அது தீவுகளின் மேல் நிலைத்து நின்றால் வானம் தெளிவாயிருக்கும். அது சற்று விலகினாற் போதும், மேற்கிலிருந்து தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். தென்மேற்குக் காற்றும் மழையும் வரும். எதிர்த் தீவிலே 2,351 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீக்கோ மலை, அடியோடு மறைந்துபோகும். அம்மலை முகிலைத் தலையில் அணிந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே அவ்வூரார் மழையைக் கணிப்பர். செய்மதி தரும் படங்கள் கைக்குள் வந்துவிட்ட இந்நாளிலும் அவர்கள் முதலிற் பார்ப்பது மலையைத்தான் என எண்ணுகின்றேன்.

கடலில் இருக்கும்போது மழை நல்லது. பாயில் வழியும் நீரை ஏந்திக் குடிநீராகச் சேர்க்கலாம். கயிற்றிலும் பாயிலும் படிந்த உப்பு கழுவப்படும். துறையிற் கட்டியபின் பெய்யும் மழையோ பொறுமையைச் சோதிப்பது. உப்பேறிய துணி எளிதில் உலராது. சிற்றறையின் உட்கூரை வியர்த்து நீர் சொட்டும். படுக்கையில் ஈரம், புத்தகத்திற் பூஞ்சணம். மூன்று வாரம் ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்திருந்த கணவனும் மனைவியும், நான்கு சாண் அகலத்தில் இன்னும் நான்கு நாள் இருக்கவேண்டும்! இந்நிலையிலேதான் துறையின் குணம் தெரியவரும்.

ஓர்த்தாவிற் பருவகாலத்தில் இடம் போதாமையால், ஒரு கலத்தின் விலாவில் மற்றொரு கலமாக மூன்று நான்கு கலங்களை அணைத்துக் கட்டுவர். வெளிப்புறத்திலே நிற்பவர் கரைக்குச் செல்லவேண்டுமாயின், அயலாரின் தளத்தை மிதித்தே செல்லவேண்டும். அதற்கும் ஒரு மரியாதை உண்டு. சுக்கான் இருக்கும் பின்புறம் குடியிருப்புப் போன்றது. ஆதலின் அவ்வழியே போகாது, முன்தளத்தால், ஓசையின்றிக் கடத்தல் வேண்டும். கொட்டும் மழையில் வழுக்கும் தளத்தைக் கடப்பவருக்குக் கை கொடுக்கும்போதே, நோர்வேக்காரரும் பிரெஞ்சுக்காரரும் அறிமுகமாகிவிடுகின்றனர். வெயில் நாளாயின் ஒரு வணக்கத்தோடு அவரவர் வேலையைப் பார்த்திருப்பர்.

கரையேறினால் நீல வண்ணம் தீட்டிய ஒரு கடை. 1918ஆம் ஆண்டில் என்ரிக்கே அசெவேது என்பவர் நிறுவியது. அவர் மகன் யோசேயைப் பார்த்த பிரித்தானியக் கடற்படை அலுவலர் ஒருவர், தம் மகன் பீற்றரின் சாயல் அவரிடத்துக் கண்டு பீற்றர் என்றே அழைக்கலானார். கடையும் அப்பெயரைப் பெற்றது. அது மதுவும் விற்கும் கடை என்பதை மறைப்பானேன்? குடும்பப் பக்கத்திற் புகழத்தக்கது அதுவன்று. நாளும் இடமும் நிலையில்லாத மாலுமிகளுக்கு வரும் கடிதங்களை வாங்கி, அவர்கள் வரும்வரை காத்துக் கொடுத்தார் பீற்றர். அயல்நாட்டுப் பணத்தை மாற்றிக் கொடுத்தார். கலத்திற்கு ஆள் தேடுவோரும், ஆளாகச் சேரக் கலம் தேடுவோரும் எழுதிய துண்டுகள் அக்கடையிலே தொங்கின. அவர் 2005ஆம் ஆண்டிற் காலமானார்.

இவ்விருந்தோம்பல் பீற்றரோடு தொடங்கியதன்று. 1895ஆம் ஆண்டு ஜூலை மாதம், உலகைத் தனியே சுற்றிவரப் புறப்பட்ட ஜோசுவா சிலோக்கம் தம் ஸ்பிறே கலத்தோடு இங்குத் தங்கினார். ஊரார் பழங்களைக் கொண்டுவந்து குவித்தனர். புறப்பட்டபின் பிளம்ஸ் பழத்தையும் வெண்ணிறப் பாற்கட்டியையும் ஒருங்கே உண்டு, வயிற்று வலியாற் சுருண்டு, புயலிற் கலத்தைக் கைவிட்டுக் கிடந்தார். கொலம்பசின் பிந்தா என்ற கப்பலின் மாலுமி வந்து சுக்கான் பிடித்ததாகக் கண்டாராம். விருந்தளித்தவர் பிழையன்று, உண்டவரின் ஆசை. மார்க் துவெயின் வந்த கப்பலோ, 1867ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வேறொரு தீவுக்குச் செல்லவிருந்து, காற்றுக்கு அஞ்சி இங்கே ஒதுங்கியது. ஒதுங்க இடம் கொடுத்த மக்களை அவர் ஏளனம் செய்தே எழுதினார். சிரிக்கவைக்கும் எழுத்துத்தான், எனக்கு அது உவப்பாயில்லை.

தீவின் பிழைப்பெல்லாம் வழிப்போக்கரை நம்பியே நடந்தது. திமிங்கிலக் கப்பல்கள் வந்து நின்றன. 1893ஆம் ஆண்டு முதல் கடலடித் தந்திக் கம்பிகள் வந்தன; 1969ஆம் ஆண்டில் அந்நிலையங்கள் மூடப்பட்டன. 1939இல் அமெரிக்காவின் பறக்கும் படகுகள் இறங்கின. அவை நீரிலிருந்து எழும்ப வேண்டியவை. அலை சற்று உயர்ந்தாலும் பயணிகள் நாட்கணக்கில் ஓர்த்தாவிற் காத்திருக்க நேர்ந்தது.

1957ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆம் நாள், தீவின் மேற்குக் கோடியிற் கப்பெலினோஸ் என்ற இடத்துக் கடலடியில் எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் வரை அது ஓயவில்லை. வீடுகள் சாம்பலிற் புதைந்தன, வயல்கள் அழிந்தன. கலங்கரை விளக்கத்தின் அடிமாடி சாம்பலுள் மூழ்கி, கோபுரம் மட்டும் நின்றது, இன்றும் நிற்கின்றது. அந்நாளிற் செனற்றர்களாயிருந்த ஜோன் கெனடி, ஜோன் பாஸ்தோர் ஆகியோரின் முயற்சியால், 1958ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி இவர்களை ஏற்றுக்கொண்டது. வந்தவருக்கெல்லாம் இடம் கொடுத்த ஊரார் ஆயிரக்கணக்கிற் பெட்டியைக் கட்டிக்கொண்டு, அந்நியர் வாயிலில் நிற்கப் புறப்பட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கோடை விடுமுறைக்கு வந்து, போர்த்துக்கீச மொழியைத் தட்டித் தடவிப் பேசுகின்றனர். அக்காட்சி நமக்குப் புதியதன்று.

துறையின் சுவர்களிலும் நடைபாதையிலும் ஆயிரக்கணக்கான சித்திரங்கள் உள்ளன. வந்த கலம் ஒவ்வொன்றும் தன் பெயரையும் ஆண்டையும் ஒரு படத்தையும் எழுதிச் செல்லுதல் வேண்டும். எழுதாது சென்றால் வழியில் தீங்கு நேரும் என்பது மாலுமிகளின் நம்பிக்கை. மூட நம்பிக்கை என்று தள்ளலாம். ஆனால் ஈரச் சீமெந்தில் வர்ணம் பிடிக்காது. எனவே காற்று நன்றாக இருந்தாலும், சுவர் உலரும்வரை பொறுத்திருப்பவர் பலர். அவசரத்திற் புறப்பட்டு அடுத்த தாழமுக்கத்தில் அகப்படாது சிலரைக் காத்தது இவ்வழக்கமாகவும் இருக்கலாம்.

மழை ஓய்ந்து காற்று வடமேற்குக்குத் திரும்பியதும், பீக்கோவின் உச்சி வெளிப்படும். உடனே சிறுவரும் முதியவரும் வர்ணத் தகரங்களோடு சுவரோரம் குந்திவிடுவர். வெற்றிடம் அரிது. பிறர் எழுதியது தெளிவாக இருப்பின் அதன்மேல் எழுதுதல் தகாது. மழை கரைத்து, பெயர் படிக்க இயலாதுபோன ஒன்றைத் தேடிக்கொள்வர்.

மறுநாள் விடியலிற் சுவரை ஒட்டி நிற்கும் கலம் புறப்பட எண்ணினால், அதற்கு வெளியே அணைத்துக் கட்டிய மூன்று கலங்களும் முதலில் விலகவேண்டும். உறக்கம் கலைந்த அயலார் எழுந்து, தூறலில் நின்று, தத்தம் கயிறுகளை அவிழ்த்து வழி விடுகின்றனர்; அது சென்றபின் மீண்டும் நெருங்கி வந்து கட்டிக்கொள்கின்றனர்.