அப்புசாமித் தாத்தாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு

குமுதம் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அப்புசாமித் தாத்தாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தாய் பாக்கியம், தந்தை ராமசாமி ஆகியோரின் பெயர்களை இணைத்துப் பாக்கியம் ராமசாமி என்று புனைபெயர் சூடிக்கொண்ட ஜ.ரா.சுந்தரேசன், 1960களில் அவரைப் படைத்தார். ஓவியர் ஜெயராஜ் அவருக்கு உருவம் கொடுத்தார். சீதாப்பாட்டி ஆங்கிலம் கலந்து பேசிக்கொண்டு பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தை நடத்துவார். அவரிடம் காசுக்குக் கையேந்தி நிற்கும் அப்புசாமியோ, ரசகுண்டுவையும் பீமாராவையும் கூட்டிக்கொண்டு சதி செய்வார். சதி பெரும்பாலும் அவர் தலையிலேயே வந்து விடியும். இன்று எங்கள் வார்டில் எழுபதைத் தாண்டிப் படுத்திருப்பவர்களில் பலர், அன்று இளைஞர்களாக இருந்து அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் துணுக்குகளிலும் இதே இனத்தவர் உண்டு. 1967இல் நான்கு யார்க்‌ஷயர்க்காரர்கள் உட்கார்ந்து, தம் இளமைக்கால வறுமையை ஒருவரை ஒருவர் மிஞ்சிச் சொல்லும் காட்சி ஒன்று வந்தது. 2004இல் தொடங்கிய கேத்தரின் டேட்டின் நிகழ்ச்சியில் ஒரு கிழவி வருவார். பார்க்க வந்தவரை முகத்துக்கு நேரே வாயாரப் புகழ்வார். அவர் வாசலைத் தாண்டியதும் பேரனிடம் வசைமாரி பொழிவார். நெல்லைச் சீமையில் இப்படியொரு ஆச்சியை அறியாத தெரு இருக்குமா என்பது ஐயமே.

இதில் எங்களுக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. அந்தக் கிழவியாக நடித்தவருக்கு அப்போது வயது முப்பதுகளின் நடுவே. யார்க்‌ஷயர்க்காரர்களாக நடித்தவர்களும் முப்பதை ஒட்டியவர்களே. நகைச்சுவையின் சிடுமூஞ்சிக் கிழவர்கள் பெரும்பாலும் இளையவர்களின் கண்ணில் தெரிந்த முதுமை. அதனால் அவர்களுக்கு மூட்டு வலிக்காது; சிறுநீர் அடைக்காது; காதில் சொல் பாதி விழுந்து பாதி நழுவாது. ஆனாலும் அப்புசாமி கதைகளில் ஒரு நேர்மை உண்டு. தாத்தா சீறினால், எதற்காகச் சீறினார் என்பதை வாசகர் அறிவார். காரணமில்லாத கோபம் அங்கே இல்லை.

எங்களிடம் வரும் குடும்பத்தார் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பது எங்கள் கருத்து. 'வயசாயிட்டுல்லா டாக்டர், அப்படித்தான் எரிஞ்சு விழுதாக' என்று மகனோ மருமகளோ சொல்லும்போது, அதைத் தகவலாக அன்றி, முடிந்துபோன தீர்ப்பாகவே சொல்கிறார்கள்.

பாபநாசத்திலிருந்து ஏரல் வரை ஆற்றங்கரை ஊர்களில், விடியற்காலைக் குளியலோடு வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் திடீரென்று ஆற்றை வைய ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கெட்டுவிட்டதாம், ஊர் கெட்டுவிட்டதாம். (ஆற்றைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை என்பதால் யாரும் ஐயப்படுவதில்லை.) படித்துறையில் இறங்கி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சபையில் எல்லோரும் முணுமுணுப்பதாகச் சினப்பவருக்குக் காது மந்தமாகியிருக்கலாம். முதுமையில் மேல்சுருதி ஒலிகளே முதலில் மங்கும். பேசுவது கேட்கும், சொல் பிரியாது. கத்துவதால் பயனில்லை. முகம் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். முதுமையின் மனச்சோர்வும் பல வேளைகளில் அழுகையாக வராமல் எரிச்சலாகவே வெளிப்படும்.

மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், தூக்கமின்மை, ஒத்துக்கொள்ளாத மாத்திரை ஆகியவையும் மனிதரைச் சிடுசிடுக்க வைக்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. ஆகவே நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: 'எப்போதிலிருந்து இப்படி?' நாற்பது ஆண்டுகளாக இப்படி என்றால் அது அவர் சுபாவம். குடும்பம் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். சித்திரை மாதத்திலிருந்து என்றால் பரிசோதித்தாக வேண்டும். நேற்று மாலையிலிருந்து என்றால் இன்றே அழைத்து வரவேண்டும்.

இதைவிட எங்களை அஞ்ச வைப்பது மறுபக்கம். காலமெல்லாம் காபியில் சூடில்லை, சாம்பாரில் உப்பில்லை என்று குறை சொன்ன ஆச்சி, மருத்துவமனைக்கு வந்த மூன்றாம் நாள் எதையும் குறை சொல்லாமல் படுத்திருக்கிறார். 'இப்பதான் அமைதியா இருக்காக' என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். கிருமித்தொற்றாலோ, நீர்ச்சத்துக் குறைவாலோ, மருந்தாலோ மூளை குழம்பும்போது சிலர் கூச்சலிட்டு ஊசிக்குழாயைப் பிடுங்குவார்கள். அவர்களை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். சிலர் அடங்கிப்போவார்கள். இந்த இரண்டாம் வகைதான் கண்ணில் படாமல் நழுவுகிறது. வழக்கமாகத் திட்டுபவர் திட்டவில்லை என்றால், இரவு இரண்டு மணியானாலும் செவிலியரை அழையுங்கள். தொந்தரவு என்று நாங்கள் ஒருபோதும் நினைக்க மாட்டோம்.

கைபேசி பற்றியும் சொல்லியாக வேண்டும். தாத்தாவை வேண்டுமென்றே சீண்டி, அவர் கொதிப்பதைப் படமெடுத்துப் பரப்பும் பழக்கம் வார்டுக்குள்ளும் வந்துவிட்டது. இதை நாங்கள் ஏற்கவில்லை. அப்புசாமி கற்பனை மனிதர். கேத்தரின் டேட்டின் கிழவி வேடம். கட்டிலில் இருப்பவர் இரண்டும் இல்லை. தம்மைப் பார்த்து ஊர் சிரிப்பது அவருக்குத் தெரியக்கூட வராது.

எடுத்தவர்கள் அந்தப் படத்தை உறவினர் குழுவில் போடாமல் எங்களிடம் காட்டலாம். வீட்டில் அவர் எப்போது, எப்படிச் சினக்கிறார் என்பதை நாங்கள் நேரில் காண வாய்ப்பில்லை. பேரன் சிரிக்கும் அந்த அரை நிமிடத்தில், தாத்தா ஒரு காதை மட்டும் திருப்புகிறாரா, எழும்போது இடுப்பைப் பிடிக்கிறாரா, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குகிறாரா என்று நாங்கள் பார்ப்போம்.