பூட்டிய வீட்டுக்குள் நுழைகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்



ஆள் குடியிராத வீட்டில் தீப்பிடித்தது என்று செய்தி வந்தால், கடைவீதியில் நாம் முதலில் சொல்வது "நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை" என்பதுதான். அப்படிச் சொல்லிவிட்டு அவரவர் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். சற்று யோசித்துப் பாருங்கள். பூட்டை உடைத்து, புகைக்குள் குனிந்து நுழைகிறாரே தீயணைப்பு வீரர், அவர் உள்ளே போன பிறகும் அது ஆள் இல்லாத வீடுதானா? அவருக்கும் வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள் அல்லவா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது தீயணைப்பு வீரருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது தர்மம் ஆகாது.

நம் ஊர் நிலவரம்

பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களில் கடைவீதியை ஒட்டிய பழைய வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று பிழைப்புக்குப் போய்விட்டார்கள். பாகப்பிரிவினை முடியாத வீடுகளும் உண்டு. மண் சுவர், நாட்டு ஓடு, மர உத்திரம், மச்சு, பின்கட்டு என்று அந்தக் காலத்துக் கட்டுமானம். வருஷம் ஒருமுறை பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ வந்து திறந்து பார்த்தால் உண்டு.

இந்த வீடுகள் உண்மையில் காலியாக இருக்கின்றனவா என்றால், இல்லை. மண்டியில் இடம் போதாதபோது நாம்தான் மாத வாடகை பேசி சாவியை வாங்குகிறோம். சீசனில் புளி மூட்டை வைக்கிறோம். காலிச் சாக்கு, அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் தம்ளர், எண்ணெய் டின், தீப்பெட்டிப் பண்டல், கற்பூரம், மிளகாய் வற்றல் என்று எது எதுவோ அடுக்குகிறோம். வெளியில் பார்த்தால் பூட்டிய வீடு, உள்ளே பார்த்தால் குடோன். இந்த விவரம் வாடகைக்கு விட்டவருக்கும், எடுத்தவருக்கும், மூட்டை தூக்கிய தொழிலாளிக்கும் மட்டுமே தெரியும்.

இராத்திரி இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால் இந்த மூவரில் யார் அங்கே நிற்பார்கள்?

தண்ணீரே பகையாகும் சரக்கு

நாற்பது வருஷம் மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் சரக்கின் குணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சாக்குக் கட்டில் பிடித்த தீ மேலே அணைந்ததுபோல் தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பல மணி நேரம் கழித்து மறுபடி எரியும். மிளகாய் வற்றல் எரியும் புகையில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. பருப்பு, பயறு மூட்டைகள் தண்ணீரைக் குடித்து ஊதிப்போய், ஏற்கெனவே சூட்டில் வெடித்த சுவரை வெளிப்பக்கம் தள்ளும். மச்சில் அடுக்கிய மூட்டைகள் நனைந்தால் பாரம் கூடி, கருகிய உத்திரம் முறியும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. தானியத்தில் வண்டு விழாமல் இருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நம்மில் பலரும் அறிவோம். அதன் மேல் தண்ணீர் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். அது மனிதனைக் கொல்லும், தானும் தீப்பற்றும். மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லை இன்னும் யாராவது ஒளித்து வைத்திருந்தால், அதில் தண்ணீர் பட்டதும் அசிட்டிலின் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் எரிகிற அதே வாயுதான். தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு, அந்தத் தண்ணீரே எமனாக மாறும் என்று யார் சொல்லியிருக்கிறோம்?

அடைத்த வீட்டுத் தீக்கு இன்னொரு குணமும் உண்டு. கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால் காற்று போதாமல் தீ அடங்கிக் கிடக்கும், அறை முழுக்கச் சூடான புகை நிரம்பியிருக்கும். திடீரென்று கதவைத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து, அந்தப் புகை மொத்தமும் ஒரே நொடியில் பற்றி வெடித்து வெளியே வரும். கதவைத் திறக்கும் வீரர் நேர் எதிரே நிற்பார். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் சற்று நேரம் நின்று, தொட்டுப் பார்த்து, ஒதுங்கி நின்று திறக்கிறார்கள். "வேடிக்கை பார்க்கிறான், உள்ளே போகமாட்டேன் என்கிறான்" என்று சுற்றி நின்று ஏசுகிறோமே, அது எவ்வளவு தவறு என்று இப்போதாவது தெரிந்துகொள்வோம்.

நடந்த சம்பவங்கள்

இவை கற்பனை அபாயங்கள் அல்ல. 2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறை நேரம். சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் பழமையான கலசமகால் கட்டடத்தில் தீப்பிடித்தது. விடுமுறையாதலால் அலுவலகங்களில் ஆள் இல்லை. அணைக்கப் போன இடத்தில் கூரை இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர் அன்பழகன் உயிரிழந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். பழைய கட்டடத்தில் நெருப்பு மட்டுமல்ல, கூரையும் கொல்லும் என்பதற்கு இது சாட்சி.

2020 நவம்பர் 14, தீபாவளி நாள் அதிகாலை. மதுரை விளக்குத்தூண் அருகே, நம்மைப் போன்ற வணிகர்களின் கடைவீதியிலேயே, பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக் கடையில் தீ. அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து சிவராஜன், கிருஷ்ணமூர்த்தி என்ற இரு வீரர்கள் மாண்டார்கள். ஊரே புதுத்துணி உடுத்திய நாளில் அந்த இரண்டு குடும்பங்களுக்கு விடிந்த விடியல் அது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த ஒரு குளிர்பதனக் கிடங்கு 1999 டிசம்பர் 3 அன்று தீப்பிடித்தது. வீடற்ற இருவர் அதற்குள் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய மெழுகுவர்த்தி விழுந்து தீ பரவியது. அவர்கள் யாருக்கும் சொல்லாமல் வெளியேறிவிட்டார்கள். உள்ளே ஆள் இருக்கக்கூடும் என்று எண்ணித் தேடப் போன இரு வீரர்கள் ஜன்னலற்ற அந்தக் கிடங்கின் புகையில் வழி தவறினார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களில் நால்வர் திரும்பவில்லை. ஆக மொத்தம் ஆறு உயிர்கள். காப்பாற்றுவதற்கு உள்ளே ஒருவரும் இல்லை. அதை ஒருவர் ஓடி வந்து சொல்லியிருந்தால் போதும்.

அதன் பிறகு அந்த மாநிலத்தில் அபாயமான காலிக் கட்டடங்களின் முகப்பில் சிவப்புச் சதுரத்தில் பெருக்கல் குறி போன்ற அடையாளம் வைக்கும் முறை வந்தது. உயிர்காக்கும் தேவை இல்லாவிட்டால் உள்ளே நுழையாதே என்பது அதன் பொருள். ஒரு தகடும் கொஞ்சம் பெயிண்டும் ஆகும் செலவுதான்.

நாம் சித்திரை முதல் நாளில், அதாவது ஏப்ரல் 14-ல், புதுக்கணக்கு போடுகிறோம். அதே ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்புப் பணியாளர் நினைவு நாளும் ஆகும். 1944-ல் அந்தத் தேதியில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் போர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. ஒரே கப்பலில் பருத்திப் பேலும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் இருந்தன. பருத்தியில் பிடித்த தீயை அணைத்துக்கொண்டிருந்த வீரர்கள் உட்பட 66 தீயணைப்புப் பணியாளர்கள் அன்று மாண்டனர். எந்தச் சரக்கோடு எந்தச் சரக்கை வைப்பது என்ற வணிகனின் பழைய பாடத்தை மறந்ததற்கு நாடு கொடுத்த விலை அது.

ஏன் மறைக்கிறோம்?

மனம் திறந்து பேசினால், காரணம் நமக்கே தெரியும். வீட்டு மின் இணைப்பில் ஓடுகிற இடத்தில் வியாபாரச் சரக்கு இருப்பது மின்வாரியத்துக்குத் தெரிந்தால் கட்டணம் கூடும். ஜி.எஸ்.டி. பதிவில் அந்த இடத்தைக் கூடுதல் வியாபார இடமாகக் காட்ட வேண்டும். சொத்து வரி விகிதம் மாறும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க வாயை மூடிக்கொள்கிறோம்.

இதில் இலாபம் ஏதும் இல்லை என்பதே என் கட்சி. தீக்காப்பீடு, பாலிசியில் எழுதிய விலாசத்தில் இருக்கும் சரக்குக்குத்தான். சொல்லாத வீட்டில் எரிந்த சரக்குக்கு ஒரு காசு கேட்க முடியாது. அது மட்டுமல்ல, நீண்ட காலம் வழக்கில் இருந்த ஸ்டாண்டர்டு தீக்காப்பீட்டுப் பாலிசியில், கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால் முன்கூட்டிக் கம்பெனியின் ஒப்புதல் பெற்றிருந்தாலொழியக் காப்பு செல்லாது என்று நிபந்தனை உண்டு. 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்குப் புதிய பாலிசிகள் வந்துள்ளன. உங்கள் பாலிசியில் ஆளில்லாத இடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். மிச்சம் பிடித்தது சில நூறு, போவது சில இலட்சம். கூடவே ஒரு உயிர் போனால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசாங்கத்தின் கடமை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. நெருக்கமான கடைவீதிகளில் தண்ணீர் எடுக்கக் குழாய் வசதி வேண்டும், இடியும் நிலையிலுள்ள வீடுகளைப் பேரூராட்சி கணக்கெடுக்க வேண்டும். இவற்றைக் கேட்பது நம் உரிமை. ஆனால் எந்த நிலையத்திலிருந்து வண்டி வந்தாலும், நம் கடைத் தகரப் பந்தலும், வாசலில் நிற்கும் லோடு வண்டியும் தெருமுனையிலேயே அதை நிறுத்திவிடுகின்றன. வண்டியில் இருப்பது சில ஆயிரம் லிட்டர் தண்ணீர்தான், குழாயை முழுதாகத் திறந்தால் சில நிமிஷம்தான் தாங்கும். அந்தத் தண்ணீர் சரியான இடத்தில் விழ வேண்டுமானால் சரியான தகவல் வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை

சங்க நிர்வாகிகளின் கவனத்துக்குச் சில யோசனைகளை வைக்கிறேன்.

1. கடைவீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் உள்ள பூட்டிய வீடுகளுக்குச் சங்கம் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். உரிமையாளர், சாவி வைத்திருப்பவர், இருவரின் தொலைபேசி எண், உள்ளே உள்ள சரக்கின் வகை, கூரை, மச்சு நிலைமை ஆகியவை போதும். அதன் நகல் ஒன்று தீயணைப்பு நிலைய அலுவலரிடம் இருக்க வேண்டும். வருஷத்துக்கு இருமுறை, புளி சீசனிலும் தீபாவளிக்கு முன்பும், திருத்த வேண்டும்.

2. பாஸ்பைடு மாத்திரை, பட்டாசு, கேஸ் சிலிண்டர், பூச்சிமருந்து, எண்ணெய் ஆகியவற்றைப் பூட்டிய வீட்டில் வைப்பதில்லை என்று உறுப்பினர்கள் உறுதி எடுக்க வேண்டும்.

3. சரக்கு வைத்த வீட்டில் தேவையற்ற மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். எலி கடித்த பழைய ஒயரும் மூட்டையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

4. தீப்பிடித்தால் 101 அல்லது 112-க்குச் சொல்லும்போதே, உள்ளே ஆள் உண்டா இல்லையா, என்ன சரக்கு என்பதைச் சொல்ல வேண்டும். சாவிக்காரர் நேரில் வந்து அலுவலரிடம் நின்று விவரம் கொடுக்க வேண்டும். "என் சரக்கை வெளியே எடுங்கள்" என்று வீரர்களை வற்புறுத்தக் கூடாது.

பதிவேடு வைத்தால் திருடனுக்கு வழி காட்டியதாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் சரக்கின் வகை மட்டும் போதும், அளவும் விலையும் வேண்டாம் என்கிறேன். பதிவேடு செயலாளரின் பீரோவிலும் நிலைய அலுவலரிடமும் மட்டும் இருக்கட்டும். திருடனுக்கு எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நம் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தீயணைப்பு வீரருக்குத்தான் வேறு வழி கிடையாது.

தியாகி சுப்பிரமணிய சிவா 1925-ல் உயிர் நீத்த ஊர் இது. தியாகத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் தாமாக ஏற்கும் தியாகம் வேறு, நம் அலட்சியத்தால் இன்னொருவர் உயிர் போவது வேறு. பின்னதற்கும் தியாகம் என்று பெயர் சூட்டி, ஒரு மாலையும் நிதியும் கொடுத்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைத்து நிறைவேற்றுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பே அவரவர் வசம் உள்ள சாவிக்கொத்தை எடுத்து, அதில் எத்தனை பூட்டிய வீடு தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பதிவேட்டின் முதல் வரிகள் அங்கிருந்தே தொடங்கட்டும்.