ஆடுற பிள்ளைக்கு முதல்ல சோறு போடுவோம்

காஜாங்கில் நவராத்திரி வேலைகளை ஆரம்பிச்சிட்டோம். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசு விட்டுப் பேசணும்.

போன வருஷம் மேடைக்குப் பின்னால பரதநாட்டிய உடுப்போட ஒரு பிள்ளை மயங்கி விழுந்துச்சு. வயசு 13. 3 மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்ந்த பிள்ளை, ஆட வேண்டியது 9 மணிக்கு. நடுவுல ஒன்னுமே சாப்பிடல. தண்ணி குடிச்சா லிப்ஸ்டிக் போயிடும்னு சொல்லியிருக்காங்க. அந்த நேரம் நாங்க மண்டபத்தில் எல்லாருக்கும் அன்னதானம் போட்டுக்கிட்டு இருந்தோம். தப்பு எங்களுடையதுதான்.

எங்களில் பல பேர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவங்க. 1955 வேலைச் சட்டப்படி தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, 30 நிமிஷமாவது ஓய்வு கொடுக்கணும். பெரியவங்களுக்கே அப்படி. நாம 6 மணி நேரம் பட்டினி கிடந்த பிள்ளையை அரைமண்டியில் நிக்க வைக்கிறோம்.

"விரதம்தானே" என்பார்கள். விரதம் பெரியவங்க விரும்பி எடுக்கிறது. ஆடப்போற பிள்ளை பட்டினி கிடக்கணும்னு அம்பாள் கேட்கல. உடம்பு போட்டா மேடையில் எடுப்பா இருக்காதுன்னு சோற்றைக் குறைக்கிறவங்களும் இருக்காங்க. வயசுக்கு வந்த பெண்பிள்ளைக்கு இரும்புச் சத்து கூடுதலா வேணும். சாப்பாடு ரொம்பக் குறைஞ்சா எலும்பும் பலவீனமாகும். தரையைத் தட்டி ஆடுற காலுக்கு அது ஆபத்து.

மருந்து நம்ம மடப்பள்ளியிலேயே இருக்கு. கொண்டைக்கடலை சுண்டலில் புரதம் இருக்கு, இரும்புச் சத்தும் இருக்கு. எலுமிச்சை பிழிஞ்சா அந்தச் சத்து உடம்புல நல்லா சேரும். கூடவே தேத்தண்ணி குடிச்சா அவ்வளவா சேராது. பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் நாட்டியமும் அன்னலட்சுமி சைவ உணவகமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கு. ஆட்டமும் அன்னமும் சேர்ந்தே இருக்கலாம்.

அதனால இந்த வருஷம் நாங்க செய்யப் போறது இதுதான். மாலை 5.30க்கு ஆடுற பிள்ளைகளுக்கு முதல் பந்தி: தயிர் சாதம், காய்கறி, கொஞ்சம் சுண்டல். மேடை ஏறுறதுக்கு முன்னாடி வாழைப்பழம். தண்ணி குடிக்க ஸ்ட்ரா, லிப்ஸ்டிக் கெடாது. சிராப் தண்ணி மட்டும் கொடுத்து அனுப்ப மாட்டோம். ஆடி முடிச்சதும் சுண்டலும் முதல்ல அவங்களுக்குத்தான்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, சலங்கை கட்டுறதுக்கு முன்னாடி "பசியாறிட்டியாம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதுவும் அம்பாளுக்குச் செய்யிற பூஜைதான்.

ஓம் சக்தி.