தூண்டிலில் எங்கே சிக்கனம்?

ஞாயிறுதோறும் மும்பைக் கழிமுகங்களில் தூண்டில் வீசும் நம் சங்க அன்பர்கள், கோலுக்கும் ரீலுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு நரம்பில் சிக்கனம் பிடிக்கிறார்கள். இது தலைகீழ்க் கணக்கு என்பேன்.

இங்கே ஜிதாடா எனப்படும் நம் கொடுவாவை நூல்கள் ஆசியக் கடற்பாஸ் என்று குறிக்கும். அதன் செவுள்மூடியின் ஓரம் கத்தி! பாலிஎத்திலீன் இழைகளால் பின்னிய நரம்பு நீளாது. மீன் தொட்டதும் கைக்குத் தெரியும். ஆனால் செவுளிலோ பாறையிலோ உரசினால் அறுந்துவிடும். ஆகவே முனையில் இரண்டு முழம் தடித்த நைலான் நரம்பை முடிந்தே தீரவேண்டும். ஏழடிக் கோலும் நடுத்தர ரீலும் எதுவானாலென்ன?

சென்ற மாதம் சோம்பலால் நான் அதை முடியவில்லை. மீன் போனது போகட்டும். என் பொய்யிரையின் முட்களை வாயில் சுமந்தல்லவா போயிற்று!