கல்லூரி மைதானத்தில் டாலர் தர்பார்

2025 டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு பெருங்கூச்சல் கிளம்பிற்று. "நோட்டர் டேம் சர்வகலாசாலை இனியும் தனித்து நிற்கலாமா? ஏதேனும் ஒரு கூட்டில் சேர்ந்தே தீரவேண்டும்!" என்றனர் ஒரு சாரார். "நூறாண்டுச் சுதந்திரத்தை விற்காதே!" என்றனர் மறுசாரார். விஷயம் யுத்தமுமல்ல, சமாதானமுமல்ல. கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து!

கால்பந்து என்று பெயர்தான். காலால் உதைப்பது அபூர்வம். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதி வீழ்த்துவதுமே ஆட்டம். எலும்பு முறியும், மூளை கலங்கும், உயிர் போனதும் உண்டு.

இந்த ஆட்டத்தில் இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் 2025-ல் பன்னிரண்டு பந்தயங்கள் ஆடிப் பத்தில் வென்றது. மயாமியும் அதே பத்தில்தான் வென்றது. ஆனால் இறுதிச் சுற்றுக்கான பன்னிரண்டு இடங்களில் ஒன்று மயாமிக்குக் கிடைத்தது. நோட்டர் டேமுக்குக் கதவு சாத்தப்பட்டது. நேருக்கு நேர் ஆட்டத்தில் மயாமி வென்றிருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். கோபங்கொண்ட நோட்டர் டேம் வேறு பந்தயம் எதிலும் ஆடமாட்டேன் என்று பையைக் கட்டிவிட்டது. உடனே ஆரம்பமாயிற்று உபதேசம்: "கூட்டில் இருந்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்குமா?"

பணக்காரச் சர்வகலாசாலையின் மனஸ்தாபம் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் இந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தந்திரம் நமக்குப் பழக்கமானது. ஆகவே பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

கூட்டு என்பது என்ன?

அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து, ஆண்டுதோறும் தமக்குள் பந்தயம் வைத்துக்கொள்ள அமைத்துக்கொண்ட சங்கமே 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டு. காலையில் ரயிலேறி மாலையில் ஆடிவிட்டு மறுநாள் வகுப்புக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இன்று? 'பிக் டென்' என்றால் 'பெரிய பத்து' என்று பொருள். அதில் இருப்பவை பதினெட்டு. 'பிக் டுவெல்வ்' என்றால் பன்னிரண்டு, இருப்பவை பதினாறு. 'அட்லாண்டிக் கரைக் கூட்டு' என்று ஒன்று. அதில் பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் 2024 முதல் உறுப்பினர்கள்! கணக்குப் பாடமும் பூகோளப் பாடமும் கற்பிக்கும் சர்வகலாசாலைகள்தாம் இவை என்பதை வாசகர்கள் மறந்துவிடக்கூடாது.

இந்தக் கூத்தின் வேர் 1984-ல் இருக்கிறது. அதுவரை கல்லூரிப் பந்தயங்களை டெலிவிஷனுக்கு விற்கும் உரிமை என்.சி.ஏ.ஏ. என்ற அகில அமெரிக்கச் சங்கத்தின் கையில் இருந்தது. ஓக்லஹாமா, ஜார்ஜியா சர்வகலாசாலைகள் வழக்குப் போட்டன. இது ஏகபோகம், சட்ட விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் இருவர் மாறுபட்டனர். அவர்களில் ஒருவரான பைரன் வைட் இளமையில் தாமே கல்லூரிக் கால்பந்து ஆடியவர். ஏகபோகம் ஒழிந்ததா? ஒன்று ஒழிந்தது, நாலைந்து பிறந்தன. அவனவன் தன் சரக்கைத் தானே விற்கலாம் என்றானதும், பெரிய சரக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி விலை பேசத் தொடங்கினர். பக்கத்து ஊர்ச் சங்கமாயிருந்தது வியாபார மண்டியாயிற்று. 2022-ல் பிக் டென் மூன்று டெலிவிஷன் கம்பெனிகளுடன் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது.

பணம் ஓரிடத்தில் குவிந்தால் மற்ற இடங்கள் வற்றும். பசிபிக் கரையில் 1915 முதல் வேரூன்றிய கூட்டு ஒன்று இருந்தது. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரண்டு சர்வகலாசாலைகள் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு கொலராடோ போயிற்று. 2023 ஆகஸ்ட் 4-ந் தேதி ஒரே நாளில் ஐந்து போயின! ஆரகன், வாஷிங்டன் ஒரு பக்கம். அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா இன்னொரு பக்கம். பிறகு ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும். கடைசியில் மிஞ்சியவை ஆரகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே இரண்டு. இரண்டும் சிற்றூர்களில் இருக்கும் அரசாங்கக் கல்லூரிகள். அவை செய்த குற்றம் என்ன? தோற்றார்களா? கடன் வைத்தார்களா? ஒன்றுமில்லை. பெரிய டெலிவிஷன் சந்தை அவர்கள் வாசலில் இல்லை, அவ்வளவுதான். தங்கள் பழைய கூட்டின் பெயரையும் கஜானாவையும் காப்பாற்றவே அவர்கள் கோர்ட் ஏறவேண்டியிருந்தது. புதுக் கல்லூரிகளைச் சேர்த்து அக்கூட்டை மறுபடி நிறுத்த 2026 வரை பாடுபடவேண்டியதாயிற்று.

இப்போது சொல்லுங்கள்: "கூட்டில் சேர்ந்தால் பாதுகாப்பு" என்று உபதேசிக்கும் கனவான்கள் இந்த இரண்டு கல்லூரிகளைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? அவையும் கூட்டில் இருந்தவைதானே? ஒரு நாள் இரண்டு நாளல்ல, நூறாண்டுக்கு மேலாக!

நோட்டர் டேமைக் கால்பந்துக்கும் வந்துவிடு என்று அழைக்கும் அட்லாண்டிக் கூட்டின் லட்சணத்தையும் பார்ப்போம். மற்ற ஆட்டங்களுக்கு நோட்டர் டேம் 2013 முதல் அங்கே உறுப்பினர். அக்கூட்டின் புளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் "எங்களுக்குப் பங்கு போதவில்லை, வெளியேறும் அபராதம் அநியாயம்" என்று சொந்தக் கூட்டின்மீதே வழக்குத் தொடுத்தன. 2025-ல் ராஜியாயிற்று. எப்படி? யாருடைய பந்தயத்தை அதிகம் பேர் டெலிவிஷனில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு அதிகப் பங்கு! டல்லாஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையோ, ஒன்பது ஆண்டு டெலிவிஷன் பணமே வேண்டாம், உள்ளே விட்டால் போதும் என்று நுழைந்தது. கூலியில்லாமல் வாசலில் காத்துக்கிடப்பவனை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். இதற்குப் பெயர் ஒற்றுமையாம்!

தனித்து நிற்பவரின் சுதந்திரம்

சரி, எதிர்ச்சாராரின் வாதம் என்ன? பரம்பரை, சுதந்திரம், தன்மானம். இதில் ஒரு பகுதி உண்மை. அந்த உண்மையை நாம் மறைக்கப்போவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோட்டர் டேம் பக்கத்துக் கூட்டில் சேரத்தான் விரும்பியது. பிக் டென்னின் முன்னோடியான அக்கூட்டு சேர்த்துக்கொள்ள மறுத்தது. கத்தோலிக்கர்மீது அந்நாளில் இருந்த வெறுப்பும் அதற்கு ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆட ஆள் கிடைக்காததால் அந்தப் பிள்ளைகள் ரயிலேறி நாடு முழுவதும் சுற்றினர். கிழக்கே நியூயார்க், மேற்கே கலிபோர்னியா. 1918 முதல் 1930 வரை பயிற்சியளித்த நூட் ராக்னி நார்வேயிலிருந்து குடிவந்த குடும்பத்துப் பையன். ஐரிஷ்காரர், இத்தாலியர், போலந்துக்காரர் என்று ஆலையிலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்த குடியேறிகள் இந்த அணியைத் தம் அணியாக வரித்துக்கொண்டனர். அந்தக் கல்லூரி வாசலை மிதித்தறியாத நியூயார்க் உழைப்பாளி, சுரங்கப்பாதை ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து அதற்காகத் தொண்டை கிழியக் கத்தினான். அவமதிக்கப்பட்டவர்களின் அணி வெல்லவேண்டும் என்பது அவனுடைய ஆசை. அந்த ஆசையை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்த ஆசையை என்ன செய்தார்கள்? 1990-ல் என்.பி.சி. டெலிவிஷன் கம்பெனிக்கு விற்றார்கள்! 1991 முதல் நோட்டர் டேமின் சொந்த மைதானத்துப் பந்தயங்கள் அந்தக் கம்பெனியின் சரக்கு. 2023-ல் ஒப்பந்தம் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 1999-ல் பிக் டென்னே வந்து அழைத்தபோது மறுத்தார்களே, அது தன்மானமா, தனிக்கடை நடத்துவதில் உள்ள லாபமா? 2024-ம் ஆண்டுப் பந்தயத் தொடரில் இறுதி ஆட்டம் வரை சென்று ஓஹையோ ஸ்டேட்டிடம் தோற்றபோதும் கிடைத்த 2 கோடி டாலரை எவருடனும் பங்கிடவேண்டியிருக்கவில்லை. 1500 கோடி டாலருக்கு மேல் மூலநிதி வைத்திருக்கும் ஸ்தாபனம் இது. இதன் சுதந்திரம் பெரிய பண்ணையாரின் சுதந்திரம். கூட்டுப் பண்ணையாருக்கும் தனிப் பண்ணையாருக்கும் நடக்கும் வரப்புத் தகராறு.

1990 வாக்கில் தனித்து நின்ற சர்வகலாசாலைகள் இருபதுக்கு மேல். பென் ஸ்டேட், புளோரிடா ஸ்டேட், மயாமி என்று ஒவ்வொன்றாய் உள்ளே போயின. 2024-ல் ராணுவக் கல்லூரியும், 2025-ல் மசாசூசெட்ஸும் போனபின் மிஞ்சியவை நோட்டர் டேமும் கனெக்டிகட்டும்தாம்.

அப்படியானால் நமது கருத்து என்ன? தெளிவாகவே சொல்கிறோம். இன்றுள்ள நிபந்தனைகளில் இந்த இரண்டில் எதுவும் எந்தக் கூட்டிலும் சேரக்கூடாது. பண்ணையாரின் பெருமையைக் காப்பாற்றுவதற்காக அல்ல. மண்டிக்கு இன்னொரு பெரிய சரக்கு வந்து சேர்ந்தால், அதற்கு இடம் வாங்கித்தர நாளை இன்னும் சில ஆரகன் ஸ்டேட்டுகள் வெளியே தள்ளப்படும். முக்கியமாகக் கனெக்டிகட் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் சர்வகலாசாலை; பாதிப் பங்குக்கும் கால் பங்குக்கும் அது கையேந்தவேண்டிய அவசியமில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. கால்பந்துக்காகக் கூடு மாறும்போது, கால்பந்து ஆடாத பிள்ளைகளும் மூட்டை கட்டவேண்டியிருக்கிறது. வாலிபால் ஆடும் பெண்ணும் நீந்தும் பையனும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூஜெர்சியிலுள்ள ரட்கர்ஸ் வரை, சுமார் 4000 கிலோமீட்டர், பறக்கவேண்டும். குமரிமுனையிலிருந்து காஷ்மீர் எல்லைக்கு நேர்கோடு இழுத்தாலும் அவ்வளவு தூரம் வராது. படிப்பு எப்போது? விமானத்தில்! மற்ற ஆட்டங்களைக் கால்பந்தின் வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்டு அக்கம்பக்கத்திலேயே ஆடவிட்டால் என்ன? கனவான்களிடம் பதில் இல்லை.

கேட்கப்படாதவன்

இவ்வளவு வாதத்திலும் ஒருவனை எவரும் கேட்கவில்லை. மோதி விழுந்து எழுகிறவன்! அவன் பெயர் என்ன? 'மாணவ விளையாட்டு வீரன்'. இந்தப் பெயர் பிறந்த கதையைத்தான் தோழர்கள் கவனிக்கவேண்டும்.

1953-ல் கொலராடோ மாநில சுப்ரீம் கோர்ட், பயிற்சியில் அடிபட்ட டென்வர் சர்வகலாசாலை ஆட்டக்காரர் ஒருவருக்குத் தொழிலாளர் நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்பளித்தது. முதலாளிமார் கலங்கிப்போயினர். அப்போது என்.சி.ஏ.ஏ.யை நடத்திவந்த வால்டர் பையர்ஸும் அவருடைய ஆட்களும், ஆட்டக்காரனைத் தொழிலாளி என்று எவரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தில் இந்தப் பெயரைப் படைத்து எங்கும் புழங்கவிட்டனர். இது நமது கற்பனையல்ல. 1995-ல் வெளியான தம் நூலில் பையர்ஸே ஒப்புக்கொண்டது. 1955-ல் அதே கொலராடோவில் போர்ட் லூயிஸ் கல்லூரி ஆட்டக்காரர் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். விதவை மனைவி நஷ்டஈடு கேட்டார். 1957-ல் அதே கோர்ட் இல்லை என்றது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லையாம்! ஆலையில் நிற்கிறவனை 'அப்ரண்டிஸ்' என்றும் 'பதிலி' என்றும் எழுதிவைத்து உரிமையை விழுங்கும் வித்தை நம் மில் தோழர்களுக்குத் தெரியாததா?

இப்போது பணம் கொடுக்கிறோமே என்கிறார்கள். உண்மை. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பதுக்கு ஒன்பது என்ற கணக்கில் தோற்றபின், வழக்குமேல் வழக்காக வந்து நெரித்தபின், 2025 ஜூனில் கோர்ட் ஏற்ற ராஜியின்படி பழைய பாக்கி சுமார் 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் தரப்படும். 2025-26-ல் ஒவ்வொரு சர்வகலாசாலையும் ஆட்டக்காரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். இந்த 'வரை' என்ற சொல்லில்தான் விஷமம். பெரிய கூட்டுகளின் குறிப்பிட்ட சில வருமானங்களில் நூற்றுக்கு 22 என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் யூனியன் உண்டு. 2020 ஒப்பந்தப்படி அங்கே ஆட்டக்காரர் பங்கு சுமார் 48. களத்துமேட்டில் கூலி நெல் அளக்க வருகிறவன் மரக்காலையும் தானே செய்து எடுத்துவந்தால் என்ன அளவு கிடைக்கும் என்பதை அறுப்பறுத்த தோழர்களிடம் கேளுங்கள். அதே காலத்தில் டெக்சாஸ் ஏ அண்டு எம். சர்வகலாசாலை ஒரு பயிற்சியாளரை 2023-ல் வேலையிலிருந்து நீக்கியதற்கு ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல்! வேலை செய்வதற்கல்ல, போவதற்கு!

ஆகவே கூட்டா தனிமையா என்று எங்களைக் கேட்காதீர்கள்; யூனியன் எங்கே என்று நாங்கள் உங்களைக் கேட்கிறோம். சங்கம் வைக்க முயலவில்லையா? முயன்றார்கள். சிகாகோவுக்கு அருகே நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை ஆட்டக்காரர்கள் 2014-ல் மனுக்கொடுத்தார்கள். வாரத்துக்கு நாற்பது ஐம்பது மணி நேரம் உழைக்கிறோம், நாங்கள் தொழிலாளிகளே என்றார்கள். தேசியத் தொழிலுறவு வாரியத்தின் வட்டார அதிகாரி ஆமென்று ஒப்புக்கொண்டார். அந்த ஏப்ரலில் வாக்கெடுப்பும் நடந்தது. நிர்வாகம் அப்பீல் போட்டது, வாக்குச்சீட்டுகளைப் பூட்டிவைத்தார்கள். 2015 ஆகஸ்டில் வாரியம் கைகழுவிற்று. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: நார்த்வெஸ்டர்ன் இருக்கும் பிக் டென் கூட்டில் மற்றவை யாவும் அரசாங்கக் கல்லூரிகள், அவற்றின்மீது எங்களுக்கு அதிகாரமில்லை, ஒன்றில் மட்டும் யூனியன் வந்தால் கூட்டின் நிலைமை குலையும்! முதலாளிகளின் கூட்டைக் காப்பாற்றத் தொழிலாளியின் சங்கம் தடுக்கப்பட்டது.

ஆட்டக்காரர்கள் போட்ட அந்த வாக்குச்சீட்டுகள் எண்ணப்படவேயில்லை.