கணினிக்கும் மூச்சு முட்டும்!



கோடை விடுமுறை வந்தால், வீட்டில் உள்ள கணினிக்கு ஓய்வே கிடைக்காது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்போது திடீரென்று திரை இருண்டு, கணினி நின்று விடும். உடனே, 'இது பழசாகி விட்டது; புதுசு வாங்கித் தாங்கப்பா' என்று நச்சரிக்கத் தொடங்கி விடுவீர்கள். அது சரியல்ல என்பதே என் கருத்து. பல நேரங்களில் அதற்குத் தேவை, கொஞ்சம் காற்று தான்!

கணினியின் மூளை பிராசசர். அது வாங்கும் மின்சாரம், ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறி விடும். வீட்டுக் கணினிகளில், 65 வாட் பிராசசர்கள் சாதாரணம். பழைய 60 வாட் குண்டு பல்பை, எரியும்போது தொட்டால் கை சுட்டு விடும் அல்லவா? அவ்வளவு மின்சாரத்தின் வெப்பம், கட்டைவிரல் நகம் அளவுள்ள சிப்பில் உண்டாகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக் கொள்ள உலோகத் தகடுகளும், காற்றோடு வெளியே தள்ள மின்விசிறியும் உள்ளே இருக்கின்றன.

இது புதிய சிக்கல் அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1946ல் அறிமுகமான எனியாக் கணினியில், ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. 150 கிலோவாட் மின்சாரம் குடித்த அந்தப் பூதத்தைக் குளிர்விக்கவும் மின்விசிறிகள் தேவைப்பட்டன.

நாம் என்ன செய்கிறோம்? சி.பி.யு., பெட்டியை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளி, சுவரோடு ஒட்டி வைக்கிறோம். தூசி படக் கூடாதென்று துணியும் போர்த்துகிறோம். அப்படியும் உள்ளே போகும் தூசி, தகடுகளுக்கு இடையில் பஞ்சு போல அடைத்துக் கொள்ளும். விசிறி இரையும், வெப்பமோ வெளியேறாது. முதலில், பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். சூடு, 100 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறினால், கருகிப் போகாமல் இருக்க கணினி தானாகவே அணைந்து விடும். அதை மீண்டும் மீண்டும் 'ஆன்' செய்வது, காய்ச்சலில் படுத்திருப்பவனை ஓட்டப் பந்தயத்துக்கு எழுப்புவது போன்றது.

நீங்கள் செய்யக் கூடியவை: பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். அணைத்து, சூடு ஆறிய பிறகே துணியால் மூடுங்கள். விசிறி எவ்வளவு சுழன்றாலும், அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்க முடியாது. எனவே, உச்சி வெயில் நேரத்தில் கணினிக்கும் விடுமுறை கொடுங்கள்.

பெரியவர்கள் செய்ய வேண்டியவை: பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். விசிறியைச் சுழலாமல் பிடித்துக் கொண்டு, மென்மையான தூரிகையாலும், ஊதுகருவியாலும் தூசியை நீக்கலாம். மின்சாரம் வந்து சேரும் எஸ்.எம்.பி.எஸ்., பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

சிலர், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி விட்டு, டேபிள் பேனை ஓட விடுவர். அவசரத்துக்கு உதவலாம். ஆனால், தூசியும் சேர்ந்தே உள்ளே போகும். சின்னத் தம்பி, தங்கையர் கை விடும் ஆபத்தும் உண்டு.

'மெக்கானிக் பார்த்துக் கொள்வார், எனக்கெதற்கு?' என்று கேட்காதீர்கள். சைக்கிள் ஓட்டுபவருக்கு, செயினுக்கு எண்ணெய் விடவும் தெரிய வேண்டும். பள்ளிக் கணினி வகுப்பிலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து, சுத்தம் செய்யும் முறையை ஆசிரியர்கள் காட்ட வேண்டும். தட்டச்சு செய்யக் கற்பது போல இதுவும் பாடம் தான்.

கணினி நின்று போனால், திட்டு விழுமென்று மறைக்காமல், அன்றே வீட்டில் சொல்லி விடுங்கள். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருள் அது. ஒரு பிடி தூசிக்காக, அதைக் குப்பைக்கு அனுப்பலாமா?