வெயிலுக்கு வேலை

சித்திரை வெயிலை நாம் வைதே தீர்க்கிறோம். வடாம் காயப் போடுவதைத் தவிர அதனால் வேறு பிரயோஜனம் உண்டென்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் இத்தாலி தேசத்துப் பொலோனா சர்வகலாசாலையில் ரஸாயனப் பேராசிரியராயிருந்த ஜாக்கொமோ சாமிச்சியான் அப்படி நினைக்கவில்லை. அவர் ரஸாயனப் பொருள்களைக் கண்ணாடிப் பாத்திரங்களிலிட்டு வெயிலில் வைத்து, நேரும் மாறுதல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1912-ல் நியூயார்க்கில் பேசுகையில், நிலக்கரிப் புகையின்றிச் சூரிய ஒளியாலேயே தொழில்கள் நடக்கும் காலம் வரும் என்றார். அப்போது நாகரிகம் தன் பிறப்பிடமான உஷ்ண நாடுகளுக்கே திரும்பும் என்றும் சொன்னார்.

அந்தக் கனவு ஏன் உடனே பலிக்கவில்லை? கார்பன் சேர்ந்த பொருள்களில் பெரும்பாலானவை நிறமற்றவை. கண்ணுக்குத் தெரியும் ஒளி அவற்றில் தங்காமல் ஊடுருவிச் சென்றுவிடும். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணங்களை அவை ஏற்கும். ஆனால் அந்தக் கிரணங்களின் வேகத்தில் வேண்டாத பிணைப்புகளும் அறுந்து போகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

இதற்கு வழி, நிறமுள்ள ஒரு தரகரை நடுவில் வைப்பது. ருத்தேனியம் என்னும் உலோகம் சேர்ந்த ஒருவகைச் செந்நிறப் பொருள் நீல ஒளியை விழுங்கிக் கிளர்ச்சி அடைகிறது. விநாடியில் சுமார் பத்து லக்ஷத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் அந்த நிலையில், அது பக்கத்து மூலக்கூற்றுக்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுக்கிறது, அல்லது அதனிடமிருந்து வாங்குகிறது. அதனால் அந்த மூலக்கூறு புதுச் சேர்க்கைக்குத் தயாராகிவிடுகிறது. தரகரோ கணக்கை நேர் செய்துகொண்டு பழைய உருவத்தில் அடுத்த வேலைக்குப் போகிறார். அவருக்குக் கூலி வெளிச்சம் ஒன்றே.

2008-ல் பிரின்ஸ்டனில் மக்மில்லனும் நைஸ்விட்ஸும், விஸ்கான்ஸினில் யூனும் தனித்தனியே இவ்வழியின் வலிமையைக் காட்டினார்கள். பிரின்ஸ்டனில் போதுமானதாயிருந்தது வீட்டில் எரியும் 15 வாட் விளக்கு! ருத்தேனியம் அரிய உலோகமாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். 2011-ல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்தார், சிவப்பு மையில் சேரும் இயோஸின் சாயத்தைக் கொண்டே இத்தகைய காரியத்தைச் சாதித்தார்கள்.

இன்று மருந்து தயாரிப்போரும் இம்முறையைக் கையாளுகிறார்கள். ஆயினும் பெரும்பாலும் எரிவது மின்சார விளக்கே. சாமிச்சியானின் கனவு பாதிதான் பலித்திருக்கிறது. மற்றப் பாதிக்கு வேண்டிய வெயில் நம் நாட்டில் ஏராளமாய்க் காய்கிறது. அதற்கு வேலை கொடுக்கும் ரஸாயனிகள் நம் வீட்டுக் குழந்தைகளிலிருந்து தோன்றாவிடில், குற்றம் வெயிலினுடையதன்று.